ஆடு மிதித்த வெள்ளைக் கூடு

எங்கள் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது முழுக்கக் கம்பளியைப் பற்றித்தான். எங்கள் ஆட்டுக்கு இருப்பது வெறும் முடி. கோடையில் வரப்போரம் காய்ந்து நிற்கிற புல்லைப் போலக் குட்டையாக, செம்மண் நிறத்தில், தோலோடு ஒட்டிக் கிடக்கும். வடக்கே எங்கேயோ மேகத்துக்குக் கால் முளைத்த மாதிரி ஆடுகள் உண்டாம். அதை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் மாட்டியிருந்தார்கள். ஏசுநாதர் ஒன்றைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்பார். எங்கள் ஆட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தால் அந்தக் காலண்டரை யாரும் இனாமாகக்கூட வாங்கியிருக்கமாட்டார்கள்.

ஆனாலும் எங்கள் தோளில் எந்நேரமும் கம்பளி கிடக்கும். கறுப்புக் கம்பளி. வடக்கத்திக் கம்பளிக்காரர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்பார்கள். புளியங்கொட்டைக் கஞ்சி போட்டுப் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். மழை வந்தால் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வோம். அதற்குக் கொங்காணி என்று பெயர். கொங்காணி போட்டவன் மழையில் நின்றால் தூரத்துப் பார்வைக்குக் கரையான் புற்றுதான். என் மாமனார் மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று அடைமழை. புற்று என்று நினைத்து என்னைத் தாண்டி இரண்டு தடவை போனார். மூன்றாவது தடவை புற்று தும்மிவிட்டது. "தும்மாம இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்லுவாள்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். கம்பளி இருந்ததால் ஒதுங்கத் தேவையும் வரவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அப்படியே எழுதினால் ஊர் சிரிக்கும் என்று திருத்தித் திருத்தி எழுதுகிறாள். திருத்தினதற்கும் சிரிப்பார்களோ என்னவோ.

நடந்தது தொண்ணூறுகளில். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாளையங்கோட்டையில் தெருவுக்கு இரண்டு எஸ்.டி.டி. பூத் முளைத்திருந்த சமயம். எங்கள் ஊர் மணிமுத்தாறு அணைக்குக் கீழே. மாசியில் பிசான நெல் அறுப்பு முடிந்ததும் நானும் வீட்டுக்காரியும் ஆட்டைப் பத்திக்கொண்டு கிழக்கே இறங்குவோம். அறுத்துப் போட்ட வயலில் ஆடுகளை மடக்கிப் படுக்க வைத்தால், விடிவதற்குள் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரமாகிவிடும். கிடை போடுவது என்பார்கள். மற்ற மாதங்களில் எங்களைக் கண்டால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற பெரிய வீட்டுக்காரர்கள், அந்த இரண்டு மாதம் மட்டும் எங்கள் ஆட்டின் பின்பக்கத்துக்கு மிகுந்த மரியாதை கொடுப்பார்கள். "எப்ப நம்ம வயலுக்கு வாறீரு?" என்று வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்புவார்கள். எங்கள் குலத்தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் பாளையங்கால்வாய்ப் பாசன வயலில் கிடை. டவுன் பஸ் போகிற ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு நாள் காலையில் குடையும் அட்டையும் பென்சிலுமாக ஒரு பெண்பிள்ளை வரப்பில் தடுமாறித் தடுமாறி வந்தாள். முப்பது வயது இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். சொந்த ஊர் கடற்கரை. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்.

வந்ததும் அவள் கண் போனது கூடாப்பின் மேல். கூடாப்பு என்பது பனை ஓலையால் வேய்ந்த கூடு. கவிழ்த்து வைத்த பெரிய கூடை மாதிரி இருக்கும். பால்குடி மறக்காத குட்டிகளை அதற்குள் அடைத்துவிட்டுத் தாய் ஆடுகளை மேய்ச்சலுக்குப் பத்துவோம்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள யாரு படுப்பா?"

"குட்டி."

"பெரிய ஆளு படுக்கமாட்டாங்களா?"

"படுத்தா காலு ரெண்டும் வெளிய கெடக்கும் டீச்சர். நாய் நக்கும்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். எதற்கு என்று தெரியவில்லை. பிறகு என்னைக் கொங்காணி போடச் சொன்னாள். மாசி வெயிலில், மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே, மழைக்கோலத்தில் நான் நான்கு நாள் நின்றேன். ரோட்டில் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். வரைந்ததெல்லாம் முதுகு. முகத்தை ஒரு தடவைகூட வரையவில்லை.

என் வீட்டுக்காரி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "ஏன் டீச்சர், அவுக மூஞ்சி படத்துல ஏறாதோ?"

"முதுகுலதான் நெறைய இருக்கு மைனி."

"அது சரிதான். முப்பது வருசமா நானும் அதத்தான் பாக்கேன். கூப்பிட்டா திரும்புனாத்தான."

ஐந்தாவது நாள் அவள் விஷயத்தைச் சொன்னாள். கம்பளியில் ஒரு கூடு செய்யப் போகிறாள். கூடாப்பின் உருவம், கொங்காணியின் கூர். ஆள் உள்ளே போய் உட்காரலாம். தறி கிடையாது, நெசவு கிடையாது. ரோமத்தைப் பஞ்சு மாதிரி அடுக்கடுக்காகப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் ஊற்றித் தேய்த்து, பாயில் சுருட்டி உருட்டிக்கொண்டே இருந்தால் ஒரு முடி இன்னொரு முடியைப் பிடித்துக்கொண்டு கெட்டித் துணியாகிவிடுமாம். நான் நம்பவில்லை. ஒன்றாகப் பிறந்த நாங்கள் அண்ணன் தம்பி ஐந்து பேர், ஒரே வீட்டில் உருண்டு புரண்டு வளர்ந்தும் ஒட்டவில்லை.

"எதுக்கு டீச்சர் இம்புட்டுப் பாடு?" என்று கேட்டேன்.

அவள் மறைக்காமல் சொன்னாள். ஆறு வருஷமாக அந்தக் கல்லூரியில் தற்காலிக வேலை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திறக்கும்போது கூப்பிட்டால்தான் உண்டு. பங்குனிக் கடைசியில் கண்காட்சி. அதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து மூன்று பெரியவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் இந்தத் தடவை கூப்பிடமாட்டார்கள்.

"வேல போச்சுன்னா ஊருக்குப் போயி அண்ணம்மாருக்குச் சோறு பொங்கணும் அண்ணாச்சி. மதினிமாரு இப்பவே பானைய என் பேருக்கு மாத்தி வச்சுட்டு நிக்காளுவ."

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். "எங்க உருட்டணும்? எதப் போட்டு உருட்டணும்? சொல்லுங்க."

டீச்சர் வடக்கேயிருந்து வரவழைத்த ரோமம் நான்கு மூட்டையாகத் தச்சநல்லூர் லாரி ஆபீசில் வந்து இறங்கியது. எடுத்துவர நானும் கூடப் போனேன். மூட்டையைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தேன். ஆடு இதையெல்லாம் உடம்பில் சுமந்துகொண்டா திரிகிறது! என் ஆடுகளை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. லாரி ஆபீஸ் கிளார்க்கு என் தோளில் கிடந்த கம்பளியையும் மூட்டையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன வே, ஆட்டுக்காரரு ஆட்டு முடிய வெளியூர்லேருந்து எறக்குதீரு? கடக்கரைக்காரன் கருவாட்டுக்குக் கடைக்குப் போன கதையா இருக்கு."

கடற்கரைக்காரியும் பக்கத்தில்தான் நின்றாள். இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டோம்.

வேலை எங்கள் கிடைக்குப் பக்கத்தில்தான் நடந்தது. கல்லூரியில் இடம் கொடுத்தார்கள்; ஆனால் தரை நனையக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது. வெந்நீர் ஊற்றி மிதித்து உருட்டுகிற வேலைக்கு மீதி என்ன இருக்கிறது? இங்கே வாய்க்கால் தண்ணீர், விறகு, வெயில், மருதமரத்து நிழல், எல்லாம் கேட்பாரற்றுக் கிடந்தன.

இருபது நாள். பனம்பாயை விரித்து, அதன்மேல் ரோமத்தை ஒரு அடுக்கு நெடுக்காகவும் ஒரு அடுக்கு குறுக்காகவும் பரப்புவாள். மேலே வெந்நீர். சோப்புத் தண்ணீர். உள்ளங்கையால் தடவத் தடவ நுரை எழும்பும். பிறகு மூங்கிலைச் சேர்த்துப் பாயோடு சுருட்டிக் கட்டிவிட்டு, நானும் வீட்டுக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காலால் உருட்டுவோம். போய்விட்டு வர நூறு தடவை. திருப்பிப் போட்டு நூறு தடவை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கவேண்டும். இல்லாவிட்டால் சுருள் கோணிப்போகும்.

"கல்யாணம் முடிச்சதுலேருந்து நீரும் நானும் ஒண்ணுபோலக் காலெடுத்து வச்சது இன்னைக்குத்தான்" என்றாள் அவள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசுகிறதில் அவளுக்கு இணை கிடையாது.

அந்த டீச்சருக்கு வெள்ளை என்றால் வெள்ளையாக இருக்கவேண்டும். பால் வெள்ளை. காக்கா மேலே பறந்தால் குடையை விரித்துக்கொண்டு ஓடுவாள். நான் வெற்றிலை போட்டால் பத்தடி தள்ளி நிற்கவேண்டும். துப்புவதற்கு வாய்க்காலைத் தாண்டிப் போகவேண்டும். உள்ளே உட்கார்ந்தால் அதிகாலைப் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கவேண்டும் என்பது அவள் நினைப்பு. பனிமூட்டம் எப்படியிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், மாஞ்சோலை மலையடியில் பார்த்திருக்கிறேன். ஆனால் பனிமூட்டத்தில் ஆட்டைத் தொலைத்துவிட்டு அலைந்தவனுக்கு அதைத் துணியில் செய்து வைத்துப் பார்க்கத் தோன்றாது.

"டீச்சர், வெள்ளக் கம்பளி போத்துன இடையன உலகத்துல எவன் பாத்தான்? ரெண்டு நாள்ல அழுக்காயிரும்லா."

"இனிமே பாப்பாங்க அண்ணாச்சி."

துண்டு துண்டாகச் செய்ததையெல்லாம் அவளே ஒன்றாகத் தைத்தாள். வலை தைக்கிற ஊசி. ஊரிலிருந்து அப்பாவிடம் வாங்கி வந்தாளாம். மூங்கில் வளைவுகளை ஊன்றி மேலே போர்த்திப் பார்த்தோம். வயல் நடுவில் பெரிய கோழிமுட்டை ஒன்று உச்சி கூர்த்து நின்றது. ஆடுகளெல்லாம் மேய்ச்சலை விட்டுவிட்டு ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தன. என் நாய் அதைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது, டீச்சர் பஸ் ஏறும்வரை நிறுத்தவில்லை.

அவள் போகும்போது பங்குனி முடிய மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலையில் வேன் வரும், அதற்கும் மறுநாள் பெரியவர்கள் வருவார்கள். துணியைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள். "இது ஒங்க பொறுப்பு அண்ணாச்சி" என்றாள். கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். புதுக் கம்பளி வாங்கினால் நாங்கள் உடனே தோளில் போடமாட்டோம். கிடை மடக்குகிற அந்தி நேரத்தில் அதைத் தரையில் விரித்து, ஆடுகளை மேலே நடக்கவிட்டு, அதன்மேலேயே படுக்கவிடுவோம். விடியும்போது அதில் ஆட்டின் வாசனை ஏறியிருக்கும். பிறகு அதைப் போர்த்திக்கொண்டு போனால் ஆடு மிரளாது, மழையில் முகம் தெரியாவிட்டாலும் இது நம்ம ஆள் என்று பின்னால் வரும். ஆடு மிதிக்காத கம்பளியைப் போர்த்துகிறவனை ஆடு அந்நியன் என்று நினைக்கும். நாங்களும் அப்படித்தான் நினைப்போம். என் அப்பாவும் அவர் அப்பாவும் இதைச் செய்யாமல் ஒரு கம்பளியையும் வெளியே எடுத்ததில்லை.

இருபது நாளில் டீச்சர் என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டாள். இதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையில் அந்த மடிப்பை வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு பெண்பிள்ளையின் வேலை இதை நம்பி இருக்கிறது. ஆடு மிதிக்காமல் இதை அனுப்பலாமா? பெரியவர்கள் வருகிற இடத்தில் சகுனம் சரியாக இருக்க வேண்டாமா?

"டீச்சருகிட்டக் கேட்டீரா?" என்றாள் வீட்டுக்காரி.

"அவளுக்கு நம்ம மொறம என்ன தெரியும்? கடக்கரைப் புள்ள."

"எனக்கு என்னமோ சரியாத் தோணல."

"ஏளா, ஒனக்கு என்னைக்குச் சரியாத் தோணியிருக்கு? பைய அந்த முனையப் பிடி."

அவள் பிடித்தாள். பிறகு கேட்டபோது தான் முனையைத் தொடவே இல்லை என்று சாதித்தாள். இரண்டு பேருமாக விரித்தோம். எண்பது உருப்படியும் ஒவ்வொன்றாக மேலே ஏறின. மெத்தென்று இருந்ததோ என்னவோ, அன்றைக்கு மாதிரி அவை சுகமாகப் படுத்து நான் பார்த்ததில்லை. கோடை மழை வேறு ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தது.

விடிந்து பார்த்தேன். ஒரு முழம் சுருங்கியிருந்தது. பொசுபொசுவென்று இருந்த துணி மரப்பட்டை மாதிரி இறுகியிருந்தது. தட்டினால் சத்தம் வந்தது. நாங்கள் இருபது நாள் உருட்டியும் வராத இறுக்கம். நிறம் என்று பார்த்தால், நடுவில் மஞ்சள், அதைச் சுற்றிக் காப்பி நிறம், ஓரத்தில் பச்சை ஓடின கறுப்பு, எங்கே பார்த்தாலும் குளம்புத் தடம். எனக்கு மனசு நிறைந்திருந்தது. அடுப்பில் கருப்பட்டிக் காப்பியை வைத்துவிட்டு டீச்சருக்காகக் காத்திருந்தேன்.

அவள் வேனோடு வந்தாள். பார்த்தாள். வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். குடை கையிலிருந்து உருண்டு வாய்க்காலில் விழுந்தது, எடுக்கவில்லை.

"ஆடு புகுந்திருச்சா அண்ணாச்சி?"

"புகல டீச்சர். நாந்தான் விட்டேன்."

வழக்கத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் எப்படியோ ஆனது. எனக்கும் ரோசம் வந்தது. "புது வீட்டுக்குப் பசுவக் கூட்டிட்டுப் போறீக. அது உள்ள சாணி போட்டா லெச்சுமி வந்துட்டான்னு சந்தோஷப்படுதீக. ஆடு போட்டா மட்டும் ஒக்காந்து அழுதீக. பசு ஒசத்தி, ஆடு தாழ்த்தியோ?"

"இது வீடு இல்ல அண்ணாச்சி" என்றாள். "இது என் சோறு."

நான் துணியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன்.

வாய்க்காலில் போட்டு அலசினோம். சீயக்காய் போட்டோம். சோப்புப் போட்டோம். புழுக்கை போனது; நிறம் போகவில்லை, வாசனை போகவேயில்லை. வேன்காரர் இரண்டு விரலால் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். "இதையா ஏத்தணும்?" என்று கேட்டார். "ஏத்துங்க" என்றாள் டீச்சர். வேறு என்ன செய்வாள்? வேறொன்று செய்ய நாளும் இல்லை, ரோமமும் இல்லை.

வேன் போனதும் என் வீட்டுக்காரி தொடங்கினாள். நான் சவம், நான் மூதி, என் அப்பா, அவர் அப்பா, எல்லோரும் வரிசையாக வந்து போனார்கள். கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். "நாளைக்கு நீரு போறீரு. அந்தப் பெரியவுககிட்ட, புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல, நாந்தான் கெடுத்தேன்னு சொல்லுதீரு. சொல்லாம இங்கன வந்தீரு, கெடக்குள்ளதான் ஒமக்கும் படுக்க."

மறுநாள் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். கம்பளியை மட்டும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, தோளில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் என் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

கல்லூரிப் பெரிய கூடத்தில் கூடு நடுவில் நின்றது. துணி சுருங்கினதால் மூங்கிலை வெட்டிக் குறைத்திருந்தாள். சுவரெல்லாம் என் முதுகு. மூன்று பெரியவர்களும் கூட்டைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார். கண்ணாடி போட்ட ஒருவர்தான் தலைவர் என்று தெரிந்தது, ஏனென்றால் அவர் குனிந்தபோது மற்ற இரண்டு பேரும் குனிந்தார்கள். டீச்சர் ஒரு ஓரத்தில் கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

நான் நேரே போனேன். "ஐயா, டீச்சர் மேல குத்தம் இல்ல. நாந்தான் ஆட்ட விட்டு மிதிக்க வச்சேன்."

தலைவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். சுவரில் முதுகைப் பார்த்தார். "அவரா நீங்க?" என்றார். "எத்தனை ஆடு?"

"எம்பது உருப்படி."

"எண்பது!" மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? ஆடும் மனுஷனும் சேர்ந்து செஞ்சிருக்காங்க."

"சேந்து செய்யல ஐயா. தப்பு நடந்து போச்சு."

"தப்புன்னு சொல்றார் பாருங்க. எவ்வளவு அடக்கம்."

இந்த ஆளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சளாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். "ஐயா, இது மூத்திரம்."

கைக்குட்டைக்காரர் நோட்டை எடுத்தார். "இயற்கைச் சாயம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"இது புழுக்கை ஐயா."

அதையும் எழுதினார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்தாள். "சார், அவர் சொல்றது நெசம். நான் வெள்ளையாத்தான் செஞ்சேன். இந்த நிறம், இந்தத் தடம், எதையும் நான் யோசிக்கவே இல்ல."

"யோசிக்காம வர்றதுதாம்மா கலை" என்றார் தலைவர். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டு, குனிந்து, கூட்டுக்குள் நுழைந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். வெளியே வரும்போது அவருடைய கால்சட்டையின் பின்பக்கத்தில் ஒரு புழுக்கை ஒட்டியிருந்தது. நாங்கள் அலசியதில் தப்பித்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அன்றைக்கு நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

"இதே மாதிரி இன்னொண்ணு உங்களால செய்ய முடியுமா?" என்று டீச்சரிடம் கேட்டார்.

அவளுடைய ஆறு வருஷமும் அந்தக் கேள்வியில் வந்து நின்றது. முந்தின நாளிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவள், இப்போது பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆடு ஒன்றும் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லையே.

"முடியும் சார்" என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது குரல்.

சித்திரைக் கடைசியில் உத்தரவு வந்தது. நாங்கள் ஊருக்குத் திரும்புகிற சமயம், அவளே வயலுக்கு வந்து சொன்னாள். பழைய முறைச் சாயத்தைத் திரும்பக் கொண்டுவந்ததைப் பாராட்டி வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்று அதில் எழுதியிருந்ததாம். அப்படி ஒரு சாயமுறை எங்கள் வம்சத்தில் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"சந்தோஷமா டீச்சர்?" என்றாள் வீட்டுக்காரி.

"சந்தோஷந்தான் மைனி. ஆனா வேல கெடச்சது எனக்கா, ஒங்க ஆட்டுக்கான்னுதான் தெரியல."

"ஆட்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுல்லா டீச்சர்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, கோபம் தீராமலேயே பஸ் ஏறினாள்.

அடுத்த பங்குனியில் கிடையைத் தேடிக் கல்லூரிப் பியூன் ஒருவர் காகிதத்தோடு வந்தார். கல்லூரி முகப்பில் நிரந்தரமாக வைக்க இன்னொரு கூடு வேண்டும். இந்தத் தடவை ஆடு கல்லூரி மைதானத்துக்கே வந்து, விருந்தாளிகள் பார்க்க மிதிக்கவேண்டும். அவர் வாசித்துக் காட்டினார். ஆடுகளைக் காலையில் கொண்டுவரவேண்டும். கால் கழுவியிருக்கவேண்டும். முந்தின நாள் மதியத்திலிருந்து இரையோ தண்ணீரோ காட்டியிருக்கக்கூடாது.

"ஏ வே, வெறும் வயித்துல வந்தா ஆடு என்னத்தப் போடும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எழுதியிருக்கத வாசிச்சேன்."

கல்லூரி முதல்வருக்குச் சுத்தம் முக்கியம் போலிருக்கிறது, படித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்காலில் எண்பது ஆட்டுக்கும் கால் கழுவினேன். ஆடும் என்னைப் பார்த்தது, நானும் ஆட்டைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் காரணம் தெரியவில்லை. பத்திக்கொண்டு போனேன். ரோட்டில் பஸ்ஸெல்லாம் நின்றன.

மைதானத்தில் பால் வெள்ளையில் துணி விரித்திருந்தது. போன வருஷத்தைவிடப் பெரியது; இந்தத் தடவை மாணவர்களை வைத்து உருட்டினாளாம். நாற்காலி போட்டு விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். எண்பது ஆடும் ஒரு மணி நேரம் அதன்மேல் அங்குமிங்கும் நடந்தன. ஒரு சொட்டு இல்லை. ஒரு புழுக்கை இல்லை. நடுவில் ஒரு கிடாய் மட்டும் நின்று கொஞ்சம் யோசித்தது. எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். அது இருமிவிட்டுப் போய்விட்டது.

முதல்வர் இறங்கி வந்து துணியைக் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, அந்த நிறம் எங்க?"

"இந்த வருஷம் ஆடு இப்படி நெனச்சிருக்கு சார்" என்றாள் டீச்சர். கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக.

போன வருஷமாக இருந்தால் அவர் வேறுமாதிரிக் கேட்டிருப்பார். இப்போது அவள் நிரந்தர டீச்சர், என்ன கேட்பார்? விருந்தாளிகள் காப்பிக்குப் போனார்கள். மைதானத்தில் நானும் அவளும் ஆடும் மட்டும் நின்றோம். ஆடுகள் பசியில் ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டடத்தின் பின்பக்கமாகப் போகத் தொடங்கின. மடக்கப் போனவன் நின்றுவிட்டேன். பின்பக்கச் சுவரோரம் நெடுகப் பசும்புல் கட்டு கட்டாக அடுக்கியிருந்தது. பக்கத்தில் நாலைந்து அண்டாவில் தண்ணீர்.

திரும்பி அவளைப் பார்த்தேன். "டீச்சர், அந்தக் காயிதத்துல கால் கழுவு, தண்ணி காட்டாதன்னு எழுதுனது முதல்வரு இல்லையா?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள். "இப்ப என் கையெழுத்துக்கு ஆபீஸ்ல சீல் குத்துதாங்க."

பிறகு சேலையைச் செருகிக்கொண்டு, புல்லுக்கட்டைப் பிரித்து ஆடுகளுக்கு உதறிப் போடத் தொடங்கினாள். ஒரு குட்டி அவள் காலடியிலேயே மூத்திரம் பெய்தது. அவள் துணி இருந்த பக்கத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தூரம்தான். நிம்மதியாக அடுத்த கட்டைப் பிரித்தாள்.